மகாவலித் திட்டமும் தெல்தெனியவும்

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுவீதியில், கிழக்கே ஏறத்தாழப் பதினைந்து மைல் தொலைவில் அமைந்தது தெல்தெனிய. வடபால் நக்கிள்ஸ் மலைத்தொடரும் தென்பால் மகாவலி கங்கையும் எல்லையாக, மலையினின்றும் இழிந்து வரும் ஹுலு கங்கை ஊடறுத்துப் பாய, இடையே கிடந்த தாழ்நிலமே தும்பறைப் பள்ளத்தாக்காகும். உடதும்பறை, மெததும்பறை, பாததும்பறை என மூன்றாக வகுக்கப்பட்ட அப்பகுதியுள் மெததும்பறையின் தலைமையூர் தெல்தெனிய. கண்டியரசின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1815 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 இல் சிறைப்பட்டது, இவ்வூர்க்கு அப்பாலுள்ள மெதமகாநுவரவை அடுத்த இடத்திலேயாம். அரசியல் வரலாறு இவ்வூரை அந்நிகழ்ச்சி பற்றி நினைவு கூரும். பொருளியல் வரலாறு நினைவு கூரவேண்டிய காரணம் வேறு. பழைய தெல்தெனிய நகரம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கின்றது. இப்பொழுது அப்பெயரால் வழங்கும் நகரம் மேட்டு நிலத்திற் கரலியத்தவில் புதிதாக எழுப்பப்பட்டது.

மகாவலித் திட்டத்தின் நன்மைகளை வரிசைப்படுத்திக் கூறுதல் தேர்வு எழுதும் மாணவர்க்கு எளிது. மின்வலு, நீர்ப்பாசனம், குடியேற்றம், வெள்ளத் தடுப்பு, வேலைவாய்ப்பு என ஐந்து தலைப்பும் பிழையின்றி எழுதினால் முழுப் புள்ளியும் கிட்டும். அந்நன்மைகள் பொய்யல்ல. ஆயினும், ஒரு திட்டத்தால் நாடு பெற்ற நன்மை எவ்வளவு என்பது ஒரு வினா. அந்நன்மைக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை கூறிவிட்டுப் பின்னதற்கும் விடை கூறியதாக எண்ணுதல், அபிவிருத்திப் பொருளியலைப் பயில்வோரிடத்துப் பெருவழக்காயுள்ள மயக்கமாகும். இம்மயக்கத்தைத் தெளிவித்தற்குத் தெல்தெனியவினும் தக்க சான்று இலங்கையிற் கிடைத்தல் அரிது.

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமுடையது. இத்தீவின் ஆறுகளுள் மிக நீண்டது. மத்திய மலைநாட்டின் ஈர வலயத்திற் பிறந்து, கண்டியை வளைந்து, கிழக்கே இறங்கி, உலர் வலயத்தை ஊடறுத்து, வெருகலாகவும் பிரிந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவை அடுத்துக் கடலிற் கலக்கும். மழை மிகுந்த இடத்து நீரை மழை குறைந்த இடத்துக்குக் கொண்டு செல்லுதல் என்னும் எண்ணம் புதியதன்று. மாதுறு ஓயாவுக்கு அணை கட்ட இக்காலப் பொறியியலாளர் இடந் தெரிந்தபோது, அவ்விடத்திலேயே பழங்காலத்துத் துருசொன்று மண்ணுட் புதைந்து கிடப்பதைக் கண்டனர். ஆயிரமாண்டுக்கு முற்பட்டோர் அளவுகோலும் இன்றையோர் அளவுகோலும் ஓரிடத்தையே சுட்டியமை வியத்தற்குரியது.

சுதந்திரத்தின் பின் எழுந்த திட்டங்களுள் முதலாவது பெருந்திட்டம் கல்லோயா. அமெரிக்காவின் தெனசீப் பள்ளத்தாக்கு அதிகார சபையை மாதிரியாகக் கொண்டு 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. 1959 இல் தேசிய திட்டமிடற் சபை பத்தாண்டுத் திட்டத்தை வெளியிட்டது. ஏட்டளவில் அத்திட்டம் சிறந்தது. செயலளவில் அது பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. மகாவலி பற்றிய முழு ஆய்வு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தினதும் உணவு விவசாய நிறுவனத்தினதும் உதவியுடன் நடத்தப்பெற்று, 1968 இல் பெருந்திட்டமாக உருப்பெற்றது. முப்பது ஆண்டுகளில், மூன்று கட்டங்களாக, 900,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் வழங்குதலும் ஏறத்தாழ 500 மெகாவாற்று மின்வலு பெறுதலும் அதன் இலக்கு. முதற் பயனாகப் பொல்கொல்லை அணை 1976 இல் நிறைவெய்தியது. அங்கே திருப்பப்பட்ட நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளை மின் நிலையத்தை அடைந்து, பின்னர்க் கலாவெவ முதலிய குளங்களை நிரப்பியது.

1977 இல் ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜயவர்த்தன அரசு முப்பது ஆண்டு வேலையை ஆறு ஆண்டுகளில் முடிப்பதென முடிவு செய்தது. இதுவே துரித மகாவலித் திட்டம். காமினி திசாநாயக்க அதற்குப் பொறுப்பான அமைச்சர். 1979 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் மகாவலி அதிகார சபை தோன்றியது. ஆறாண்டில் இத்துணைப் பெருவேலை செய்யத்தக்க மூலதனம் நாட்டில் இல்லை. ஆதலின் அணை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடு உதவி நின்றது. கொத்மலைக்குச் சுவீடன், மாதுறு ஓயாவுக்குக் கனடா, ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, விக்டோரியாவுக்குப் பிரித்தானியா. பிரித்தானியாவின் நன்கொடை 100 மில்லியன் பவுணுக்கு மேற்பட்டது. அந்நன்கொடை வந்தவாறே அதன் பெரும்பகுதி பிரித்தானிய ஆலோசகர்க்கும் பிரித்தானிய ஒப்பந்தக்காரர்க்கும் மீண்டது. கட்டுண்ட உதவி என்று பொருளியலார் கூறுவது இதனையே. இதனால் உதவி வீணாயிற்றென்பதன்று. உதவிக்கும் வணிகத்துக்கும் இடையே கோடு கீறுதல் எளிதன்று என்பதே கருத்து.

விக்டோரியா அணை இருவளைவு வில்லணை. உயரம் 122 மீற்றர். நீளம் 520 மீற்றர். 210 மெகாவாற்று வலுவுடைய அதன் நிலையமே இலங்கையின் நீர்மின் நிலையங்களுட் பெரியது. 1985 ஏப்ரிலிற் பிரித்தானியப் பிரதமர் மார்கிரற் தட்சர் நேரில் வந்து அதனைத் திறந்து வைத்தார். நிலக்கரியும் எண்ணெயும் தோண்டியெடுத்தற்கு இல்லாத ஒரு நாட்டுக்கு, அவ்வளவு மின்வலுவை மலைநீரே தருவது சிறு பேறன்று. எண்ணெய் விலை 1973 இலும் 1979 இலும் ஏறியதால் இலங்கையின் சென்மதி நிலுவை எத்துணைத் துன்புற்றதென்பதை அறிந்தோர் இதனை மறுக்கார்.

எனினும் விரைவுக்கும் ஒரு விலையுண்டு. மகாவலி, நூறாயிரம் வீடுகள், கட்டுநாயக்க வர்த்தக வலயம் என மூன்று பெருவேலைகளை அரசு ஒருங்கே தொடங்கியதால், சீமெந்தும் இரும்பும் தேர்ந்த தொழிலாளரும் கிடைத்தற்கரியன ஆயின. 1980 இல் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 26.1 வீதம் உயர்ந்தது. மாதச் சம்பளத்தில் வாழ்ந்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் அவ்வாண்டு தம் சம்பளத்தின் ஐந்திலொரு பங்கை, வரி என்ற பெயரின்றியே, அபிவிருத்திக்கு ஈந்தனர் எனல் மிகையாகாது.

இனித் தெல்தெனியவை நோக்குவோம். நீர்த்தேக்கம் மூடியது தரிசு நிலத்தையன்று. தும்பறைத் தாழ்நிலம் வயலும் வீட்டுத் தோட்டமும் நிறைந்தது. பிரித்தானியர் காலத்திற் கொக்கோவுக்குப் பெயர்பெற்றது. புகையிலையும் அங்கு நன்கு விளைந்தது. தும்பறைப் பாய் நெய்வோரின் கைத்திறன் நாடறிந்தது. வீட்டுத் தோட்டம் என்பது கண்டி நாட்டிற் பலா, தென்னை, மிளகு, கராம்பு, கமுகு, கோப்பி யாவும் அடுக்கடுக்காய் வளரும் ஒரு சிறுகாடு. மூன்று தலைமுறை உழைப்பின்றி அத்தகைய தோட்டம் உருவாகாது. கணக்கேட்டில் அது அரை ஏக்கர், அல்லது முக்கால் ஏக்கர். நகரத்திலோ சிங்கள, முஸ்லிம், தமிழ் வணிகர் கடைவைத்திருந்தனர். மலையிலிருந்து விளைபொருள் இறங்குவதும், கண்டியிலிருந்து துணியும் மருந்தும் ஏறுவதும் அக்கடைத்தெரு வழியாகவே.

இவற்றுக்கு விலை மதித்தது 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். அச்சட்டத்தின் அளவுகோல் சந்தைப் பெறுமதி. விற்க விரும்பும் ஒருவனும் வாங்க விரும்பும் ஒருவனும் ஒப்பும் விலையே சந்தைப் பெறுமதியென்பது பொருளியலின் முதற்பாடம். தெல்தெனியவிலோ விற்க விரும்பியவன் ஒருவனும் இல்லை. வாங்க வந்தவர் அரசு ஒருவரே. நிலமுடையோன் நட்டஈடு பெற்றான். அந்தே முறையில் அவன் நிலத்தை உழுது விளைவிற் பங்கு பெற்றவனுக்கு உறுதி இல்லை. ஆதலால் அவன் இழப்பை அளத்தற்கு ஒரு கோலும் இல்லை. சொந்தக் கட்டடம் இல்லாது வாடகைக் கடையில் இருபது ஆண்டு வணிகஞ் செய்தவன் இழந்தது வாடிக்கை. வாடிக்கைக்கு உறுதி எழுதுவார் யார்?

பொருளியற் கோட்பாட்டின் வரலாறு இவ்விடத்துத் தெல்தெனியவுடன் விந்தையாய் இணைகின்றது. ஒருவர்க்கும் தீங்கின்றி ஒருவர்க்கேனும் நன்மை செய்யும் மாற்றமே ஐயமின்றி நன்மாற்றமாம் என்றார் இத்தாலியப் பொருளியலாளர் பரேற்றோ. அக்கோலைக் கொண்டு அளந்தால் உலகில் ஒரு வீதியும் வெட்டவியலாது. ஒரு குளமும் கட்டவியலாது. ஆகவே 1939 இல் கால்டோரும் ஹிக்ஸும் வேறொரு கோலை வகுத்தனர். நன்மை பெற்றோர் தாம் பெற்றதிலிருந்து, இழந்தோர்க்கு முழுதும் ஈடு செய்த பின்னரும், சிறிதேனும் மிகுதி பெறக்கூடுமாயின் அம்மாற்றம் கொள்ளத்தக்கது என்பது அவர் கருத்து. அவ்வாறு ஈடு செய்தே ஆகவேண்டுமென அவர் விதித்திலர். ஈடுசெய்யக்கூடிய அளவு நன்மை உண்டாதலே போதும். இவ்விருவரும் 1950களின் இறுதியில் இலங்கைக்கு வந்து, தேசிய திட்டமிடற் சபைக்கு ஆலோசனை கூறிய அயல்நாட்டுப் பொருளியலாளருட் சேர்ந்தவர். அவர் கட்டுரைகள், ஜோன் றொபின்சன், மிர்டால் முதலியோர் கட்டுரைகளுடன் 1959 இற் கொழும்பில் நூலாக வெளிவந்தன. மகாவலி பற்றி அவர் யாது நினைத்தாரென்பது ஈண்டு வேண்டப்படுவதன்று. ஆனால் அவர் வகுத்த அளவுகோலே, பின்னர் உலகெங்கும் பெருந்திட்டங்களை மதிப்பிடும் செலவு நன்மைப் பகுப்பாய்வுக்கு அடித்தளமாயிற்று.

ஈடு செய்தல் வேறு. ஈடு செய்யக்கூடுதல் வேறு. கூடுதல் என்ற அச்சொல்லுள் ஒரு பள்ளத்தாக்கே மறைந்து போகும். மின்வலு பெற்ற கொழும்பு ஆலையும் நீர் பெற்ற கிழக்கு வயலும் தும்பறைக் குடிகளுக்கு ஈடு செய்யக்கூடிய அளவு பெற்றனவென்று கணக்குக் காட்டலாம். அக்கணக்கு முடிந்ததும் திட்டம் ஏற்கப்படும். ஈடு செய்யும் கடமை வேறோர் அலுவலகத்தின் வேறொரு கோவைக்குள் நுழையும். அரசின் தொழிலைக் கூறவந்த வள்ளுவர், பொருள் உண்டாக்குதல், திரட்டுதல், பேணுதல் என்பவற்றுடன் நில்லாது, பங்கிடுதலையும் தனித்தொழிலாக எண்ணினார். செலவு நன்மைப் பகுப்பாய்வு முதன் மூன்றையும் நன்கு அளக்கும்; நான்காவதன் வாயிலில் அது நின்றுவிடும்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல்லாயிரம். அவற்றுட் பல கிழக்கே 'சி' வலயத்துக்குச் சென்றன. கிராந்துருக்கோட்டை, தெஹியத்தகண்டிய முதலியன அவ்வலயத்துப் புதிய ஊர்கள். குடும்பம் ஒன்றுக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுநிலமும் வழங்கப்பட்டன. மலைநாட்டிற் கால் ஏக்கர் வயலுக்கு உடன்பிறந்தார் வழக்காடுவதை எண்ணின், இரண்டரை ஏக்கர் பெருஞ்செல்வம். நிலமின்றி அங்குச் சென்றோர் உயர்ந்தனர் என்பது உண்மை. இதனை மறைத்தல் நீதியன்று. ஆனால் மலைக்குளிருக்குப் பழகிய உடல் உலர் வலயத்து வெயிலையும் மலேரியாவையும் எதிர்கொண்டது. ஊற்றுநீர் குடித்தோர் வாய்க்கால் நீருக்கு முறைவைத்துக் காத்திருந்தனர். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் நெறிப்படி, வழங்கிய நிலம் துண்டாடப்படலாகாது, பின்னுரித்தாளி ஒருவரே. சட்டம் வகுத்த வழிமுறையில் மகளுக்கு முன் மகனே நெடுங்காலம் நின்றான். நிலம் சிதறாமற் காத்தல் நன்னோக்கமே. ஆனால் ஐந்து பிள்ளைகளில் நால்வர் இரண்டாந் தலைமுறையிலேயே நிலமற்றோராவர் என்பதை அறியப் பெருங்கணக்கு வேண்டியதில்லை.

அவர்கள் குடியேறிய நிலமும் வெறுநிலமன்று. வேடர் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த காடு 1983 இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவருட் பலர் 'சி' வலயத்து ஹெனானிகலைக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். முதியவராகிய ஊருவரிகே திசாஹாமி தம்பானையை விட்டு அகல மறுத்துவிட்டார். தெல்தெனியக் குடியானவன் இழப்புக்கு ஈடாகப் பெற்ற நிலத்தின் அருகே, வேறொருவன் இழப்பு இவ்வாறு தொடங்கியது. கிழக்கு மாகாண எல்லையிற் குடியேற்றம் விரிந்தபோது தமிழர் கொண்ட அச்சமும் இத்துடன் எண்ணத்தக்கது. 1957 இன் பண்டாரநாயக்க செல்வநாயகம் உடன்படிக்கையும் 1965 இன் டட்லி செல்வநாயகம் உடன்படிக்கையும் குடியேற்ற நிலத்தை யாருக்கு எவ்வொழுங்கில் வழங்குவதெனக் கூறும் பிரிவுகளைக் கொண்டிருந்தன. அவ்விரண்டும் நிறைவேறாத நிலையிலேயே மகாவலிக் குடியேற்றம் விரைவுபடுத்தப்பட்டது.

ஏட்டிற் சிறிதும் இடம்பெறாத இழப்பு ஒன்று உண்டு. அது மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருடையது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30 இல் எழுதிய சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிவைக்கப்பட்டது. அரச காணி பெறுதற்குக் குடியுரிமை முதற்றகுதி. நீர்த்தேக்கங்களால் இடம்பெயர்ந்த கிராமத்தார்க்கு மாற்று நிலமாகத் தோட்டக் காணிகளும் துண்டாடி வழங்கப்பட்டன. கிராமத்தான் இழந்த நிலத்துக்கு ஈடு அதனால் ஓரளவு கிட்டியது. அத்தோட்டத்திலே நான்கு தலைமுறை கொழுந்தோ கொக்கோவோ பறித்தவனுக்கு இழக்க நிலம் இருந்ததில்லை. ஆதலால் ஈடு கேட்க உரிமையும் இல்லை. இருந்தது வேலையும் பத்தடி வரிசை வீடும். நிலம் கைமாறியபோது இரண்டும் நிச்சயமற்றனவாயின. இராமேசுவரக் கப்பல் 1984 வரை ஓடியது. அதில் ஏறியவரை மகாவலித் திட்டத்தின் செலவேட்டில் எழுதியவர் இல்லை.

இத்தகைய கணக்கு இலங்கைக்கே உரியதன்று. தமிழ்நாட்டில் 1925 இல் தொடங்கி 1934 இல் முடிந்த மேட்டூர் அணையால் தஞ்சைக் கழனி செழித்தது. காவிரிக் கரையிலிருந்த நாயம்பாடி முதலிய ஊர்கள் ஸ்ரான்லி நீர்த்தேக்கத்துள் ஆழ்ந்தன. நீர் வற்றும் ஆண்டுகளில் அங்குள்ள சலகண்டேசுவரர் கோயில் நந்தி தலைநீட்டும். அவ்வாறே விக்டோரியா நீர்மட்டம் தாழும் காலத்துப் பழைய தெல்தெனியவின் இடிபாடுகள் வெளிப்பட, மக்கள் திரண்டு சென்று பார்ப்பர். தஞ்சை உழவனுக்கு நாயம்பாடி தெரியாது. அதனைக் குற்றமாகக் கூறுதலும் பொருந்தாது.

திட்டத்துள்ளேயே முரண்பாடொன்றும் உளது. அமையச் செலவு என்னும் கருத்தை மாணவர்க்கு விளக்க இதனிலும் சிறந்த உதாரணம் இல்லை. பொல்கொல்லையில் வடக்கே திருப்பும் ஒவ்வொரு துளி நீரும் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பை மூன்றன் சுழலிகளையும் அடையாது போகும். திருப்பினால் வடமத்திய வயல் விளையும். திருப்பாவிட்டால் மின்வலு மிகும். ஆண்டுதோறும் மின்சார சபையாரும் நீர்ப்பாசனத் துறையாரும் இதுபற்றி உடன்பாடு காணவேண்டியுள்ளது. நீருக்கு இரு பயன் உண்டென்று பாடநூல் கூறும். ஒரே துளிக்கு ஒரே நேரத்தில் இரண்டும் இல்லை என்பதை வறட்சியாண்டு கூறும்.

இடம்பெயர்க்கப்படுவோர் பற்றிய தேசிய கொள்கையொன்றை இலங்கை அரசு ஏற்றது 2001 இலேயே. உறுதி இல்லாதவனும் இழப்புக்குரியவனே. பிழைப்பும் நிலத்தைப் போல ஈடு செய்யப்பட வேண்டும் என்பன அதன் நெறிகள். தெல்தெனிய மூழ்கி அப்போது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. நக்கிள்ஸ் மலையின் மறுபுறத்தே களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக லக்கலைப் பல்லேகமை நகரம் எடுக்கப்பட்டபோது, அதற்கு மாற்றாக அமைத்த புதுநகரம் 2018 சனவரியில் திறக்கப்பட்டது. 1968 ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்தின் பிந்திய வேலைகளுள் அதுவும் ஒன்று. அங்கும் வயலிழந்தோர்க்குப் புதிய வயல் ஒதுக்கப்பட்டது. அதனை உழுவோரின் பிள்ளைகள் இன்று பள்ளியில் மகாவலித் திட்டத்தின் ஐந்து நன்மைகளையும் படித்துக்கொண்டிருக்கின்றனர்.